வலிக்காத கால்: செங்கல்பட்டிலும் வேலூரிலும் நிமிர்ந்த பாதங்கள்

எக்கியார்குப்பத்திலிருந்து பேசறேன். வாரம் பூரா சென்னையில கோட் எழுதிட்டு, ஊருக்கு வர்ற சனி ஞாயிறுல தான் ரெக்கார்டிங். அதனால ஆடியோவுல பின்னாடி கடல் சத்தம் கொஞ்சம் இருந்தது. எழுத்துல அந்தத் தொந்தரவு இல்லை.

இன்னிக்கு எபிசோட் பாதத்தைப் பத்தினது. அடிபட்டு அடிபட்டே உருமாறிப்போன பாதங்களை அறுவை சிகிச்சையால் நேராக்கிய வரலாறு. இந்த வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் செங்கல்பட்டிலும் வேலூரிலும் எழுதப்பட்டவை. நம்ம மரக்காணத்துலேருந்து பஸ் ஏறினா ஒரே நாள்ல போய்ச் சேர்ற ஊர்கள்.

நொண்டுறதும் ஒரு வைத்தியம்

ஈசிஆர்ல பாண்டிச்சேரி பக்கம் போயிருந்தீங்கன்னா மரக்காணத்துல ரோட்டோரமா உப்பளம் பார்த்திருப்பீங்க. பாத்தி பாத்தியா தண்ணி, பக்கத்துல வெள்ளைக் குவியல். அங்கே வேலை செய்யறவங்க கால்களைப் பாருங்க. உப்புத் தண்ணியில மணிக்கணக்கா நிக்கிற கால். அடியில உப்புப் பரல் கண்ணாடித் தூள் மாதிரி உரசும். குதிகால்ல வெடிப்பு, விரல் இடுக்குல புண், பாதத்துக்கு அடியில தடிச்ச தோல்.

இவ்வளவு அடிபட்டும் அந்தக் கால்கள் பல வருஷம் தாங்குது. எப்படி? வலி இருக்கறதால. ஒரு பரல் குத்தினா உடம்பு தானா எடையை மாத்திப் போடும். புண் இருக்கிற பக்கத்தைத் தூக்கிட்டு விளிம்புல நடப்பாங்க. ரொம்ப வலிச்சா வரப்புல உக்காருவாங்க. நொண்டிக்கிட்டு வர்ற பிள்ளையை "நேரா நடடா"ன்னு அதட்டற வீடுதான் நம்ம வீடு. ஆனா நொண்டுறது உடம்பு தனக்குத் தானே செஞ்சுக்கிற வைத்தியம்.

சரி, ஒரு காலுக்கு வலியே தெரியலைன்னா? அந்தக் கேள்விக்கு மனுஷன் கண்ட பழைய பதில், தொழுநோய்.

விரல் தானா விழுதா?

தொழுநோய் வந்தா சதை அழுகும், விரல் தானா உதிரும்னு உலகம் பூரா நம்பினாங்க. 1873ல் நார்வே மருத்துவர் ஹான்சன் இந்த நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பரம்பரை, சாபம்ங்கிற பேச்சுக்கு அறிவியல் பதில் கிடைச்சது. ஆனா 'விரல் எப்படிப் போகுது'ங்கிற கேள்வி அப்படியே கிடந்தது. 1940களில் டாப்சோன் வகை மருந்துகள் வந்து கிருமியைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. நோய் அடங்கினவங்களுக்கும் பாதம் சுருங்கிக்கிட்டே போச்சு. கிருமி இல்லை, ஆனா சேதம் நிக்கலை. இங்கே தான் கதை ஆரம்பிக்குது.

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் அங்கே மிஷனரிகள். இங்கிலாந்தில் படிக்கப் போனவர், டாக்டருக்குப் படிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் கட்டட வேலை கத்துக்கிட்டார். தச்சு வேலை, கொத்து வேலை எல்லாம். பின்னால அவர் யோசிச்ச விதத்துக்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். 1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். வந்தது சாதாரண அறுவை சிகிச்சை மருத்துவரா.

1947ல் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அவரை செங்கல்பட்டு பக்கத்துல திருமணியில இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே பிராண்ட் பார்த்தது நூற்றுக்கணக்கான மடங்கிப்போன கைகளும் தொங்கிப்போன பாதங்களும். எலும்பு மருத்துவர்கள் யாருமே இதைக் கவனிச்சதில்லைன்னு காக்ரேன் சொன்னார். விரல் மடங்கிய ஒரு நோயாளியோட கையைப் பிடிச்சு, அழுத்தச் சொன்னார் பிராண்ட். அந்தக் கை அவர் கையை நசுக்கிடுச்சு. 'செத்துப்போன கை'ன்னு எல்லாரும் சொன்ன கையில அவ்வளவு பலம். அப்போ சில தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கு, மத்தது நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிற தசையை எடுத்து, செயலிழந்த தசையோட வேலையைச் செய்ய வைக்க முடியுமே?

கைகளில் அறுவை சிகிச்சை தொடங்கியது. ஆனா விரல் குறையறது ஏன்னு விளங்க இன்னும் சில சம்பவங்கள் வேண்டியிருந்தது. அவரே பின்னால எழுதின ஒண்ணு: துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு அவருக்குத் திறக்க வரல. தொழுநோய் வந்த ஒரு சின்னப் பையன் வந்து சாவியை ஒரே திருகு, திறந்துட்டான். அப்புறம் பார்த்தா தரையில ரத்தம். சாவி விரலை எலும்பு வரைக்கும் வெட்டியிருக்கு. அவனுக்குத் தெரியவே இல்லை. பூட்டைத் திருகறப்போ நமக்கெல்லாம் வலி "போதும், நிறுத்து"ன்னு சொல்லும். அவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொண்ணு. தங்கிச் சிகிச்சை எடுத்தவங்க சிலருக்கு ராத்திரி படுத்து காலையில எழுந்தா விரல்ல ஒரு துண்டு காணோம். கண்விழிச்சுக் காவல் இருந்து பார்த்ததில், எலி கடிச்சிருக்கு. வலி இல்லாததால யாரும் முழிச்சுக்கல. அதுக்கப்புறம் சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினாங்க.

ஆக, விரலை எடுத்தது சூடான பாத்திரம், சாவி, எலி, செருப்பு ஆணி. அப்புறம் அந்தப் புண்ணுல வந்த சீழ், அந்தச் சீழ் எலும்பு வரை போனது. கிருமி செஞ்ச வேலை நரம்பைக் கெடுத்ததோட முடிஞ்சது. மிச்சத்தைச் செஞ்சது அன்றாட வாழ்க்கையில் பட்ட காயங்கள்.

பாதம் ஏன் தொங்குது?

இப்போ காலுக்கு வருவோம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கமா ஒரு எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். தொட்டுப் பாருங்க. அதுக்குக் கீழே, தோலை ஒட்டி ஒரு நரம்பு எலும்பைச் சுத்தி முன்பக்கம் வருது. பாதத்தை மேலே தூக்கற தசைகளுக்கு உத்தரவு கொண்டு போறது அதுதான். தொழுநோய்க் கிருமிக்கு உடம்புல குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். தோலை ஒட்டி ஓடற நரம்பு கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும். அங்கே கிருமி தங்கி, நரம்பு வீங்கி, கடைசியில வேலை செய்யாம போகும்.

பாதம் தொங்கிப் போச்சுன்னா காலை முட்டி வரை தூக்கித் தொப்புன்னு போடணும். இல்லைன்னா விரல் தரையில இழுபடும். நாளாக ஆக குதிகால் பின்னாடி இருக்கிற தசைநாண் சுருங்கி, பாதம் அப்படியே இறுகிடும். எடை முழுக்க பாதத்தின் முன்பக்கத்திலும் வெளி விளிம்பிலும் விழும். பைக் விபத்துல முட்டிக்குக் கீழே அடிபட்டாலும் இதே நரம்பு போகும், இதே மாதிரி பாதம் தொங்கும்.

ஆனா கெண்டைக்காலுக்குள்ள ஆழமா, வெதுவெதுப்பா ஓடற இன்னொரு நரம்பு தப்பிச்சுடும். அது இயக்குற தசைகள்ல ஒண்ணு பாதத்தை உள்பக்கமா திருப்பற தசை. அது நல்லாவே இருக்கும். இதே நரம்பு கணுக்கால் உள்பக்கத்துக்கு வர்றப்போ மறுபடியும் தோலை ஒட்டி வரும். அங்கே கிருமி பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் உள்ளங்காலுக்கு உணர்ச்சி இல்லை. பாதம் தொங்கும், அடியில ஒண்ணும் தெரியாது. ரெண்டும் சேர்ந்து வர்றதுதான் ஆபத்து.

எங்க பாஷையில சொன்னா, ஒரு மோட்டாருக்குப் போற ஒயர் போச்சு, பக்கத்து மோட்டார் ஓடிட்டு இருக்கு. சென்சாரும் போச்சு.

பக்கத்து மோட்டாரை மாத்திப் போடறதுதான் அறுவை சிகிச்சை. உள்பக்கம் திருப்பற தசையோட நாணை, அது ஒட்டியிருக்கிற இடத்துலேருந்து வெட்டி, கணுக்காலுக்கு மேலே வெளியே எடுத்து, பாதத்தின் மேல்பக்கத்துக்குக் கொண்டு வந்து தைக்கறது. யோசனை புதுசு இல்லை. போலியோ காலத்துலயே பாஸ்டன் மருத்துவர் ஃபிராங்க் ஓபர் 1933ல் இதைப் பத்தி எழுதியிருக்கார். பிராண்டும் வேலூர் கூட்டாளிகளும் தொழுநோயாளிகளுக்கு இந்த மாதிரி நாண் மாற்றங்களைக் கொண்டு வந்தாங்க.

ஒரே இடத்துல தைச்சா ஒரு சிக்கல் வரும். நாண் ஒரு பக்கமாவே இழுக்கும், பாதம் கோணும். செங்கல்பட்டு மத்தியத் தொழுநோய் நிறுவனத்தில் இருந்த எச். சீனிவாசனும் அவர் கூட்டாளிகளும் 1968ல் வெளியிட்ட முறை இதைத்தான் சரி செஞ்சது. நாணை நுனியில ரெண்டா பிளந்து, ஒரு வாலைப் பெருவிரலைத் தூக்கும் நாணிலும் இன்னொரு வாலை மத்த விரல்களைத் தூக்கும் நாண்களிலும் தைக்கறது. வண்டி மாட்டுக்கு ரெண்டு பக்கமும் கயிறு பிடிக்கற மாதிரி. காக்ரேன் பிராண்டைக் கூட்டிட்டுப் போன அதே திருமணி வளாகம்தான் இது. 1955ல் மத்திய அரசு எடுத்து நடத்த ஆரம்பிச்சது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், கத்தி வைக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கற பயிற்சி. ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த ஒரு தசையை மட்டும் தனியா இயக்கக் கத்துக்கணும். ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரிச்சதும், "பாதத்தை உள்ளே திருப்புங்க"ன்னு பயிற்சியாளர் சொல்லுவார். நோயாளி உள்ளே திருப்பறதா நினைப்பார். பாதம் மேலே தூக்கும்! கொஞ்ச நாள்ல மூளை பழகிடும். அப்புறம் நினைக்காமலே நடப்பாங்க.

பாதம் ஏற்கெனவே இறுகிப் போயிருந்தா இது மட்டும் போதாது. குதிகால் நாணை நீட்டணும். எலும்பே கோணியிருந்தா ஆப்பு வடிவில் கொஞ்சம் எலும்பை எடுத்து, மூணு மூட்டுகளை ஒண்ணா இணைச்சு, தட்டையா தரையில படற மாதிரி பண்ணணும். அசைவு குறையும். ஆனா எடை பரவி விழும், ஒரே இடத்துல புண் வராது. அழகுக்காகச் செய்யற வேலை இல்லை இது. பாதம் கோணினா ஒரு இடம் மட்டும் தேயும், தேயற இடத்துல புண் வரும், புண் எலும்பைத் தின்னும், எலும்பு போனா பாதம் இன்னும் கோணும். இந்தச் சுழலை வெட்டறதுக்குத்தான் ஆபரேஷன்.

கத்தியால் முடியாதது

இவ்வளவு செஞ்சும் ஒண்ணு திரும்ப வராது. உள்ளங்காலோட உணர்ச்சி. அதனால ஆபரேஷன் அறையோட இந்த வரலாறு முடியலை.

ஆறாத புண்ணுக்கு என்ன செய்யறது? 1930களிலேயே கொழும்பில் மில்ராய் பால் என்ற இலங்கைத் தமிழ் அறுவை மருத்துவரும், இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும் ஒரு வழி காட்டியிருந்தாங்க. புண்ணோட காலுக்கு மாவுக்கட்டு போட்டு, அதோடயே நடக்க விடறது. கட்டு காலோட வடிவத்துக்கு ஒட்டி இருக்கறதால எடை பரவும், புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும், புண் ஆறும். அப்போ இந்தப் புண் 'தொழுநோய்ப் புண்' இல்லை, மிதிச்சு மிதிச்சு வந்த புண். மத்தவங்க சதை மாதிரியே இந்தச் சதையும் ஆறும்.

ஆறினது திரும்ப வராம இருக்க செருப்பு வேணும். வேலூர் பக்கத்துல காரிகிரியில் 1955ல் தொடங்கின ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்துல இது பெரிய ஆராய்ச்சியாவே நடந்தது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்து மெத்துன்னு ஒரு ரப்பர், அதுக்கு அடியில முள் ஏறாத கெட்டி ரப்பர். முக்கியமா ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டணும், இல்லைன்னா தைக்கணும். எம்சிஆர் செருப்புன்னு இன்னிக்கும் அரசு இலவசமா கொடுக்கறது இதைத்தான்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே எலிகளோட பாதத்தை மரத்துப்போக வச்சு, இயந்திரத்தால மிதமா, நடக்கறப்போ படற அளவுக்கு, ஒரு நாளைக்கு 10,000 முறை அழுத்திப் பார்த்தாங்க. ரெண்டு மூணு நாள்ல சூடும் வீக்கமும். ஒரு வாரம், பத்து நாள்ல புண். ஒரு அழுத்தம்கூட தனியா காயப்படுத்தற அளவு பெருசு இல்லை. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைச்சு, வாரத்துல 2 நாள் ஓய்வு கொடுத்தப்போ புண் வரலை. பாதத்தோட தோல் தடிச்சுது.

இதைப் படிச்சப்போ எனக்கு உப்பளத்துக் கால்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தடிச்ச தோல், நடுநடுவுல ஓய்வு எடுத்த காலுக்குக் கிடைச்ச கவசம். ஓய்வு எடுக்கச் சொன்னது வலி.

நிமிர்ந்த கை, திறக்காத கதவு

ஆரம்பத்துல சிகிச்சை எடுத்தவங்க சிலர் திரும்பி வந்து ஒரு புகார் சொன்னாங்க. "இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போட மாட்டேங்கறாங்க." கை நிமிர்ந்தாலும் வேலை கொடுக்க ஆள் இல்லை, வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. அதனாலதான் 1951 வாக்கில் வேலூர் கல்லூரி வளாகத்துல நவஜீவன மையம்னு சொல்லக்கூடிய ஒரு சின்னக் குடியிருப்பு வந்தது. குடிசை மாதிரி வீடுகள். மரவேலை, பொம்மை செய்யறது கத்துக் கொடுத்தாங்க. மரண பயம் போன பிறகு ஒருத்தர் எப்படிச் சம்பாதிப்பார்ங்கறதும் சிகிச்சையோட பகுதியாச்சு.

அங்கேயே வேலை செஞ்ச டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு சாலை விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்தாங்க. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில உக்காந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சாங்க. தன் கால் போன ஒருத்தர் மத்தவங்க கையை நிமிர்த்தினாங்க. இதுக்கு மேல நான் எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

சட்டம் மட்டும் மெதுவா வந்தது. நோயாளிகளைப் பிடிச்சு ஒதுக்கி வைக்க வழி செஞ்ச 1898ஆம் வருஷ தொழுநோயாளர் சட்டம் 2016ல் தான் ரத்தாச்சு. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமா சொல்லலாம்ங்கறதை 2019ல் தான் நீக்கினாங்க. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது 1980களின் தொடக்கத்துல. அதாவது, மருந்தால முழுசா குணமாகும்னு தெரிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல இந்தச் சட்டங்கள் நம்ம நாட்டுல இருந்தது.

இப்போ யார் கால்?

"சரிப்பா, தொழுநோய் எல்லாம் போயிடுச்சே"ன்னு கேப்பீங்க. போகலை. இந்தியாவில் இன்னிக்கும் வருஷத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் புது நோயாளிகள் கண்டறியப்படறாங்க. உலகத்துலயே அதிகம் நம்மகிட்டதான். நிறம் மங்கின, தொட்டா உணர்ச்சி இல்லாத ஒரு தேமல் இருந்தா அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க. மருந்து இலவசம். பாதம் தொங்கிப் போனவங்களுக்குச் சீரமைப்பு அறுவை சிகிச்சையும் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்காக 12,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

ஆனா இந்த வரலாறு இன்னும் பெரிய கூட்டத்துக்குச் சொந்தம். சுகர் இருக்கறவங்களுக்கு. நாட்டுல சர்க்கரை நோய் இருக்கறவங்க 10 கோடி பேர்னு 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுது. சுகர் பல வருஷம் கட்டுக்குள்ள இல்லைன்னா உள்ளங்கால் நரம்பு மரத்துப் போகும். காரணம் வேற, முடிவு ஒண்ணுதான். கார்வில்ல பிராண்டும் கூட்டாளிகளும் தொழுநோயாளிகளுக்குச் செஞ்ச மாவுக்கட்டும் செருப்பும்தான் சர்க்கரை நோயாளிகளோட காலைக் காப்பாத்தற முறையா அமெரிக்காவுல பரவினது.

எங்க தெருவுல ஒரு பெரியம்மா. உப்பளத்துல முப்பது வருஷம் வேலை செஞ்சவங்க, இப்போ சுகர். போன வருஷம் திண்ணையில உக்காந்திருந்தாங்க. செருப்பு அடியிலேருந்து ஒரு ஆணி உள்ளே வந்து பாதத்துல ஏறியிருக்கு.

"எப்ப குத்துச்சு பெரியம்மா?"

"தெரியலையேடா கண்ணு. வலிக்கவே இல்ல. அதான் நல்லாயிருக்குன்னு நெனச்சேன்."

வலி இல்லைன்னா நல்லாயிருக்குன்னு நினைக்கறது இயல்பு. பிறந்ததுலேருந்து உடம்பு நமக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. செங்கல்பட்டுலயும் வேலூர்லயும் கண்டுபிடிச்சது, அந்தப் பாடம் பொய்யாகற ஒரு நிலைமை உண்டுங்கறதைத்தான். அந்தப் பெரியம்மாவோட புண் ரெண்டு மாசத்துல ஆறிடுச்சு. சீக்கிரம் பார்த்ததால.

அவங்க இப்போ செய்யறது ரொம்ப எளிமையான வேலைதான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பேரனைக் கூப்பிட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுவாங்க. சிவப்பா இருக்கா, எங்கேயாவது சூடா இருக்கான்னு கையால தடவிப் பார்க்கணும். சூடா இருந்தா மறுநாள் அந்தக் காலுக்கு ஓய்வு. செருப்புப் போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டணும், உள்ளே விரலை விட்டுப் பார்க்கணும். வெந்நீர்ல காலை வைக்கறதுக்கு முன்னாடி முழங்கையால பார்க்கணும். கால் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணும் கையும் செய்யுது. காரிகிரியில செருப்போட சேர்த்துச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான்.

உங்க வீட்டுல பத்து வருஷத்துக்கு மேல சுகர் இருக்கறவங்க யாராவது இருந்தா, இதைக் கேட்டு முடிச்ச கையோட அவங்க காலைப் போய்ப் பாருங்க. அவங்களே குனிஞ்சு பார்த்துக்குவாங்கன்னு விட்டுடாதீங்க. வயசானா குனிய முடியாது, கண்ணும் தெரியாது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.